பாட்டு மட்டும் வந்த தொடர்

அந்தத் தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பதற்கு முன்பே அதன் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்தில் படித்துக்கொண்டே பாட்டுக்குழு நடத்தும் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப் பற்றிய தொடர். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகவே எடுத்தது. தொடர் பேர் வாங்கியதும் அதில் வரும் பாட்டுகளைத் தனியாக ஒரு சிடியில் போட்டு விற்றார்கள். கூரையில் டிஷ் ஆன்டெனாத் தட்டு வைத்து மாதாமாதம் கட்டணம் கட்டும் வீடுகளில்தான் அந்தச் சானல் வரும். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சிம்மோரில், எங்கள் வீட்டுக் கூரையில் தட்டு இல்லை. எங்களிடம் இருந்தது அப்பாவின் வேன்.

அப்பா முன்பு தோட்டத்து லாரி ஓட்டியவர். ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டு, பிறகு அதிலும் பாதியை வீடு கட்ட விற்று, தோட்டம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாமல் போனபோது, தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு ரோட்டோரமாக வரிசை வீடுகள் கிடைத்தன. அப்பா ஒரு பழைய வேனை வாங்கி ஈப்போவுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போக ஆரம்பித்தார். தமிழ்ப்பள்ளி முடித்த கையோடு என்னை ஈப்போவில் ஒரு பெண்கள் இடைநிலைப்பள்ளியில் ரிமூவ் வகுப்பில் போட்டார்கள். மலாய் போதாத பிள்ளைகளை ஒரு வருடம் தனியாக உட்கார வைத்துப் படிப்பிக்கும் வகுப்பு அது. எங்கள் வகுப்பறை சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருந்தது. காலையிலிருந்தே மீ கோரேங் நூடுல்ஸ் வறுக்கும் வாசம் வரும். நேராகப் படிவம் ஒன்றில், இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பில், சேர்ந்தவர்கள் எங்களோடு அதிகம் பேசமாட்டார்கள்.

ஒருத்தி மட்டும் பேசினாள். அவள் எங்கள் அப்பாவின் வேனில் வருகிறவள். என் வயதுதான், ஆனால் படிவம் ஒன்று. ஈப்போவில் தாசேக் பக்கம் பெரிய வீடு. சிலோன்காரர்கள் என்று அம்மா சொல்வார். அவள் அப்பா அரசாங்கத்தில் எஞ்சினியர். அவள் அம்மாவுக்குக் கோலாலம்பூரில் வேலை, அங்கேயே இருந்தார்; மாதத்தில் ஒரு முறை வந்து போவார். நாங்கள் 'ஆமா' சொல்லும் இடத்தில் அவள் 'ஓம்' என்பாள். வேனில் சின்னப் பிள்ளைகள் அதற்காகவே அவளிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவளும் சளைக்காமல் 'ஓம், ஓம்' என்று பதில் சொல்லுவாள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து முன்சீட்டுக்கு நீட்டினாள்.

"அங்கிள், இத போடலாமா?"

"என்ன பாட்டும்மா? புதுப் படமா?"

"இல்ல அங்கிள், டிவி ஷோ பாட்டு. அம்மா கேஎல்லேர்ந்து வாங்கிட்டு வந்தாங்க."

அப்பாவின் வேனில் பழைய தமிழ்ப் பாட்டைத் தவிர எதுவும் பாடியதில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிப் போட்டார். திடீரென்று டிரம்ஸ் சத்தம். ஒரு பெண் குரல், அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து குரல்கள். முன்னால் இருந்த மலாய்க்காரத் தங்கைகள் இரண்டு பேரும் சீட்டில் குதித்தார்கள். எப்போதும் ஜன்னலில் சாய்ந்து தூங்கும் சீனப் பெண்கூட எழுந்து உட்கார்ந்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் என்னிடம் எதையோ கேட்பதுபோல் இருந்தது.

"ஒரே கத்தலா இருக்கே," என்றார் அப்பா. ஆனால் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அதே சிடிதான். சில வாரங்களில் வேன் முழுக்கச் சேர்ந்து பாடினோம். அப்பாவும் பாடினார். ஆங்கிலம் தெரியாததால் காதில் விழுந்ததைப் பாடுவார். ஒரு பாட்டில் 'டுமாரோ' என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வரும்.

"யாரும்மா அந்த டுமாரோ?" என்று ஒரு நாள் கேட்டார். "பாவம், எல்லாரும் சேந்து கூப்பிடுறாங்க, ஆளு வர மாட்டேங்கிறானே."

வேனே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியாதா, எங்களைச் சிரிக்க வைக்கக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

சிடியோடு ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. பாட்டு வரிகளும் படங்களும். நீளமான பள்ளிக்கூட நடைபாதை, இரண்டு பக்கமும் வரிசையாக இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. நடுவில் கிட்டாரோடு அந்தப் பெண். சனி ஞாயிறுக்கு அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தனுப்புவாள். நான் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பிடித்துப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த ஆங்கிலத்தைவிட அந்தப் பாட்டுகளில் கற்றுக்கொண்டதுதான் அதிகம். அந்த நடைபாதையில் நடக்க வேண்டும், எனக்கென்று ஒரு அலமாரி வேண்டும், அதைத் திறக்கும்போது யாராவது பின்னாலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் ஆசை. அந்த ஆசையை யாரிடம் சொல்வது?

"நீ இந்த ஷோ பாக்க மாட்டியா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எங்க வீட்ல தட்டு இல்ல."

"பரவால்லலா. நான் சொல்றேன்."

அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மத்தியானம் வேன் ஈப்போ முழுக்கச் சுற்றி ஒவ்வொரு பிள்ளையாக இறக்கும். கடைசியில் அவளும் நானும் மட்டும் இருப்போம். நடு சீட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அந்த வாரம் என்ன நடந்தது என்று சொல்வாள். எந்தக் கதைக்கு எந்தப் பாட்டு என்பதும் சொல்வாள். அந்தப் பாட்டு வரும்போது கையைக் காட்டி நிறுத்துவாள், பாட்டு முடிந்ததும் தொடருவாள்.

பாட்டுக்குழுப் பெண்ணின் அம்மா வேறு ஊரில் இருக்கிறார். அங்கே பெரிய ஆபீசில் வேலை. வீட்டில் அப்பாவும் அவளும்தான். அப்பா நல்லவர், ஆனால் பேசமாட்டார். சாப்பிடும்போது பேப்பர் படிப்பார். மூன்றாவது பாட்டு அவள் மொட்டை மாடியில் உட்கார்ந்து அம்மா இருக்கும் திசையைப் பார்த்துப் பாடுவது. ஏழாவது பாட்டு டெலிபோனில். அம்மா எடுக்கவில்லை, பேசுவதைப் பதிவு செய்யச் சொல்லி மெஷின் சொல்கிறது, அவள் பேசுவதற்குப் பதிலாகப் பாடிவிட்டு வைத்துவிடுகிறாள். அதைச் சொன்ன அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் வேன் நிற்கும்போது கதை எப்போதும் பாதியில் இருக்கும். "மீதி நாளைக்கு," என்று இறங்கிவிடுவாள். கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சாவியால் கேட்டைத் திறப்பாள்.

வருடக் கடைசி விடுமுறையில் தெலுக் இந்தானில் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை வீட்டுக் கூரையில் தட்டு இருந்தது. போனதும் அத்தை மகள் அக்காவிடம் அந்தத் தொடரைப் பற்றிக் கேட்டேன். தினமும் சாயங்காலம் பழையதைத் திரும்பப் போடுகிறார்கள் என்றார். சாப்பிட்டதும் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆரம்பப் பாட்டு தொடங்கியதுமே முழுப் பாட்டையும் பாடினேன். அக்காவுக்கு ஆச்சரியம்.

பிறகு கதை ஆரம்பித்தது. பெரிய சமையலறை. அந்தப் பெண்ணின் அம்மா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கேக் செய்கிறார். அப்பா மூக்கில் மாவைப் பூசிக்கொண்டு கோமாளித்தனம் செய்கிறார். ஒவ்வொரு வரிக்கும் யாரோ பின்னால் சிரிக்கிறார்கள்.

இது வேறு வாரத்துக் கதையாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். அம்மா வீட்டிலேயே இருந்தார். மூன்றாவது பாட்டும் வந்தது. காணாமல்போன நாய்க்குட்டியைத் தேடி அந்தப் பெண் தெருவில் நடக்கும்போது பின்னணியில் அது ஒலித்தது. எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பாட்டை ஒரு நாய்க்குட்டிக்கா பாடுவது?

"அக்கா, இந்தப் பிள்ளையோட அம்மா வேற ஊருக்குப் போற கதை எப்ப வரும்?"

"எந்த அம்மா?"

"இந்த அம்மாதான். அங்கேர்ந்து போன்கூட எடுக்க மாட்டாங்களே."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படில்லாம் ஒண்ணும் இல்லியே. நான் மொதல்லேர்ந்து பாக்குறேன். நீ வேற ஏதோ ஷோ பாத்துட்டு வந்து கொழப்புறே."

நான் எழுந்து அத்தை வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அத்தை மீன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகப் புரிந்தது. கோலாலம்பூரில் இருக்கிற அம்மா. பேப்பர் படிக்கிற அப்பா. கழுத்தில் தொங்கும் சாவி. அவள் என்னை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றவில்லை. நான் ஒரு வருடமாக ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த தொடரை யாரோ நிறுத்திவிட்டதுபோல்தான் இருந்தது. இனி அவள் சொல்லமாட்டாளோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

பள்ளி திறந்த முதல் நாள், வேனில் அவள் ஏறியதும் கேட்டாள், "லீவுக்கு எங்க போன?"

"தெலுக் இந்தான். அத்த வீடு."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அங்க தட்டு இருக்கா?"

"இருக்கு. ஆனா மாமா எந்நேரமும் நியூஸ் போட்டுட்டு உக்காந்திருப்பாரு. ஒண்ணும் பாக்க முடியல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு கால்களை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"புது சீசன் ஆரம்பிச்சிருச்சு, தெரியுமா?" என்றாள்.

அந்தப் புது சீசன் முந்தியதைவிட நன்றாக இருந்தது. பாட்டுக்குழுப் பெண் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அம்மா இருக்கும் ஊருக்குப் போகிறாள். வழியில் பஸ் கெட்டுப்போகிறது, மழை பெய்கிறது, ஒரு கடைக்காரர் சூப் கொடுக்கிறார். வாரக்கணக்கில் அந்தப் பயணம் போனது. கடைசியில் ஒரு பெரிய கட்டடத்தில், நீளமான தாழ்வாரத்தின் கோடியில், அம்மாவின் வீட்டுக் கதவு முன்னால் நின்று கையைத் தூக்குகிறாள். அங்கே வேன் நின்றது. "மீதி நாளைக்கு."

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அப்பாவே கேட் பக்கம் வந்து எங்கள் அப்பாவிடம் ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டிவிட்டு வேனை எடுத்தார்.

"அந்தப் புள்ள இனிமே கேஎல்லதான் படிக்குமாம். அம்மாகிட்ட போயிருச்சு," என்றார்.

எனக்குச் சொல்லாமல் போய்விட்டாளே என்று பல நாள் வருத்தம். போன் நம்பர் இல்லை, விலாசம் இல்லை. சிடி வேனிலேயே தங்கிவிட்டது. கீறல் விழுந்து ஓடாமல் போகும்வரை அப்பா போட்டார். பிறகு புதுப் பிள்ளைகள் வந்தார்கள், அவர்கள் வேறு பாட்டுக் கேட்டார்கள்.

காம்பார் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து இப்போது ஈப்போவில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அந்த ஆல்பம் முழுவதும் இப்போது போனிலேயே கிடைக்கிறது. காலையில் வேலைக்குக் காரோட்டிப் போகும்போது கேட்பேன். சிறு பிள்ளைகளுக்காக அவசரமாகச் செய்த பாட்டுகள் என்று இப்போது தெரிகிறது. ஒரே மெட்டை மூன்று பாட்டில் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இருந்தும் மூன்றாவது பாட்டு வரும்போது சத்தத்தைக் கூட்டிவைப்பேன். கண்ணுக்குள் நாய்க்குட்டி வராது. மொட்டை மாடிதான் வரும். தொடரின் எல்லா சீசனும்கூட இணையத்தில் வந்துவிட்டன. நான் பார்க்க வேண்டிய தொடர் அதில் எதிலும் இல்லை. அதை ஒளிபரப்பத் தெரிந்தவள் ஒருத்திதான், அவள் எங்கே இருக்கிறாள் என்று வெகு காலம் எனக்குத் தெரியாமல் இருந்தது.

போன வருடம் பழைய மாணவிகள் வாட்சப் குழு ஒன்றில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டார்கள். சில நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி. "ஹாய், நான்தான், தாசேக். அங்கிள் எப்படி இருக்காரு?" அவ்வளவுதான். எத்தனை வருடம் கழித்தும் அந்தக் குரல் எனக்குத் தெரிந்தது. அவள் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருந்தாள். நான் கூப்பிட்டுப் பேசியபோது, தன் அப்பா இறந்துவிட்டதால் தாசேக் வீட்டை விற்கும் வேலையாக ஈப்போ வருவதாகச் சொன்னாள்.

பழைய டவுனில் ஒரு சீனர் காப்பிக் கடையில் சந்தித்தோம். தலையில் நரை எட்டிப் பார்த்தது. ஒயிட் காப்பி சொன்னாள், ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வேலை, வீடு, உடம்பு என்று எல்லாம் பேசிய பிறகு, எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"அந்த டிவி ஷோ கத ஞாபகம் இருக்கா?"

"எந்த ஷோ? அந்த சிடியா?"

"சிடி இல்ல. வேன்ல நீ சொல்லுவியே. அம்மா வேற ஊர்ல இருப்பாங்க. அந்தப் புள்ள மொட்ட மாடியில உக்காந்து பாடும்."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். நான் சொல்லச் சொல்ல, ஏதோ வெளியூர்க்காரர் கதையைக் கேட்பதுபோல் கேட்டாள். டெலிபோன், பஸ், மழை, சூப் எல்லாம் சொன்னேன்.

"நானா சொன்னேன்?" என்றாள். "சத்தியமா ஞாபகம் இல்லலா. எங்க வீட்லயும் தட்டு கெடையாது. படிப்பு கெட்டுப்போகும்னு அப்பா போடவே இல்ல. நான் அந்த ஷோ ஒரு தடவகூட பாத்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் இரண்டு பேரிடமும் பாட்டு மட்டும்தான் இருந்திருக்கிறது.

"கடைசியில கதவு முன்னால நிக்கும்," என்றேன். "நீ அதோட போயிட்ட. கதவு தொறந்துச்சா இல்லையா? இத்தன வருஷமா யோசிச்சிட்டு இருக்கேன்."

அவள் காப்பிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் கேஎல் போன அன்னிக்கு அம்மா வேலையில இருந்தாங்க," என்றாள். "பக்கத்து வீட்ல சாவி குடுத்து வச்சிருந்தாங்க. நானே தொறந்துட்டுப் போனேன்."

பக்கத்து மேசையில் கோப்பைகளை எடுத்தார்கள். பிறகு அவளாகவே பேசினாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கிறது உங்க அப்பாதான். உனக்கு மத்தியானம் மலாய் கூடுதல் வகுப்பு இருக்குமே, அந்த நாள்ல நான் மட்டும் கடைசியா இருப்பேன். வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. இருட்டிக்கிட்டு மழை வந்தா எனக்குப் பயம். ஒரு தடவ உள்ள போக மாட்டேன்னு அழுதுட்டேன். அதுக்கப்புறம் அந்த நாள்லல்லாம் எங்க வீட்டு முன்னால வேன் ரிப்பேராயிரும்."

"ரிப்பேரா?"

"ஓம். அங்கிள் பானட்ட தொறந்து வச்சிட்டு நிப்பாரு. 'நீ உள்ள போம்மா, வேன் சூடாயிருச்சு, கொஞ்சம் ஆறட்டும்'னு சொல்லுவாரு. உள்ள எனக்குக் கேக்கிற மாதிரி பாட்டப் போட்டு விடுவாரு. எங்கப்பா கார் தெருமுனையில திரும்பினதும் வேன் சரியாயிரும்."

அந்த நாட்கள் எனக்கும் தெரியும். வகுப்பு முடிந்து பள்ளி வாசலில் காத்துக் கிடப்பேன். அப்பா தாமதமாக வருவார். கேட்டால் ரோட்டில் ஜேம், வண்டி நகரவில்லை என்பார். நான் வீடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

"அங்கிள பாக்கலாமா?" என்றாள்.

சிம்மோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்கு இப்போது முட்டி வலி. வேனைக் கொடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா இது?"

அவள் சொன்னாள். அப்பா முகம் மலர்ந்தது. "தாசேக் வீட்டுப் புள்ளையா! இவ்ளோ பெருசா ஆயிட்டியா? உக்காரும்மா, உக்காரு."

அம்மா தேநீர் போட்டுக் கொடுத்தார். அவள் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்பா இறந்ததைக் கேட்டு இவர் வருத்தப்பட்டார். எப்போது, எப்படி என்று விசாரித்தார். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள், அப்ப உங்க வேன் எங்க வீட்டு முன்னாலயே கெட்டுப்போவுமே, ஏன்?"

அப்பா கொஞ்சமும் அசையவில்லை.

"அது நல்ல வேன்மா," என்றார். "என்ன, அப்பப்ப சூடாயிரும். பழைய வண்டிதானே."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா அதைக் கவனிக்காததுபோல் ஃபேனைக் கூட்டச் சொன்னார்.

சாயங்காலம் அவளை ஈப்போ ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டேன். பெர்த்துக்கு ஒரு முறை வரச் சொன்னாள். வாரேன் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவளிடம் கேட்க இன்னும் நிறைய இருந்தது. கேட்டாலும் அவளுக்கு நினைவிருக்காது என்றும் தெரிந்தது. ரயில் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா அதே நாற்காலியில் இருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ள போயிருச்சா?"

"போயிருச்சுப்பா."

"இனி எப்ப வரும்?"

"தெரியலப்பா. வீட்டையும் வித்தாச்சு."

அப்பா முட்டியைத் தடவிக்கொண்டார்.

"சோறு தின்னுட்டுப் போயிருக்கலாம்," என்றார்.